பூச்சி எதைத் தின்றது என்பதையும் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதர் உண்பதற்கும், நாம் உண்ணும் கோழி, மீன் முதலியவற்றின் தீவனத்துக்கும் சில வகைப் பூச்சிகளை இறக்குமதி செய்யலாம் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு 2024 ஜூலை 8ஆம் தேதி அறிவித்தது. அன்றிலிருந்து நம்மிடையே இதைப் பற்றி நடக்கும் பேச்செல்லாம் அருவருப்பைச் சுற்றியே நடக்கிறது. தேக்காவில் தேநீர் குடிக்கும் இடத்திலும், திருமண விருந்துப் பந்தியிலும், உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் நான் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் சாப்பிடுவீர்களா?" சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் நாக்கும் மனமும் சேர்ந்து எடுக்கும் முடிவு, அதில் அரசாங்கத்துக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. ஆனால் சாப்பிடமாட்டேன் என்று சொல்பவரின் தட்டுக்கும் பூச்சி வேறொரு வழியில் வந்து சேரக்கூடும் என்பதையும், அந்த வழியைப் பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்பதையும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி அல்லன். மளிகைப் பொருள் இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆவணங்கள் தயாரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பருப்பு மூட்டையிலிருந்து ஊறுகாய்ப் போத்தல் வரை, பொருள் துறைமுகத்துக்கு வருமுன் அதன் காகிதம் என் மேசைக்கு வந்துவிடும். எந்தப் பொருளானாலும் நான் முதலில் பார்ப்பது மூன்று: அதன் உண்மையான பெயர் என்ன, அது எங்கிருந்து வந்தது, அதில் என்ன கலந்திருக்கிறது. பூச்சியையும் அதே கண்ணால்தான் பார்க்கிறேன்.

முதலில் விதிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றைப் படிக்காமலேயே குறை சொல்பவர்கள் அதிகம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்களிடமும் வணிகர்களிடமும் கருத்துக் கேட்டு, பலமுறை தள்ளிப்போட்டு, பிறகே அனுமதி வந்தது. 16 வகைப் பூச்சிகள் மட்டுமே பட்டியலில் உள்ளன. சுவர்க்கோழி வகைகள், வெட்டுக்கிளி வகைகள், மாவுப்புழு வகைகள், சில வண்டுகளின் புழுக்கள், மெழுகு அந்துப்பூச்சியின் புழு, பட்டுப்புழு, தேனீ ஆகியவை அவை. அவற்றிலும் எந்தப் பருவத்தில் உண்ணலாம் என்ற வரையறை உண்டு. சுவர்க்கோழி வளர்ந்த பிறகு, மாவுப்புழு புழுவாக இருக்கும்போதே. காட்டிலோ வயலிலோ பிடித்தவை கூடாது. உணவுப் பாதுகாப்புக் கட்டுப்பாடு உள்ள பண்ணையில் வளர்த்தவையாக இருக்க வேண்டும். அவற்றுக்குக் கொடுத்த தீனி கிருமியாலோ நச்சுப்பொருளாலோ கெட்டிருக்கக்கூடாது. பட்டியலில் இல்லாத பூச்சி என்றால், அது பாதுகாப்பானது என்ற ஆதாரத்தை விற்பவரே கொண்டுவந்து காட்டி ஒப்புதல் பெற வேண்டும். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் பூச்சி இருந்தால் அதைப் பொட்டலத்தின் மேலேயே தெரிவிக்க வேண்டும். இவ்வளவையும் படித்தபோது, நம் ஊர் வழக்கப்படி கதவைத் திறக்குமுன்பே தாழ்ப்பாளையும் பொருத்தியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

காட்டில் பிடித்தவை கூடாது என்ற விதியைச் சிலர் கேலி செய்கிறார்கள். தமிழர்களுக்குப் பூச்சி உணவு புதிதன்று என்பது உண்மைதான். மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, சிறகு உதிர்த்து, வறுத்து, பொரியோடும் பொட்டுக்கடலையோடும் கலந்து தின்ற தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. என் பாட்டி அதை ஒரு பண்டிகையைப் போலச் சொல்வார். சங்கப் பாட்டிலேயே புற்றீசலை மோரில் புளிக்க வைத்துச் சமைத்த குறிப்பு இருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் செவ்வெறும்புத் துவையலுக்கு 2024 ஜனவரியில் இந்தியா புவிசார் குறியீடே வழங்கியது. ஆனால் ஈசலும் செவ்வெறும்பும் நம் 16 வகைகளில் இல்லை. பட்டியலில் இருந்திருந்தாலும், காட்டில் பிடித்தவை என்ற காரணத்தாலேயே அவை தடுக்கப்பட்டிருக்கும். இதில் நியாயம் உண்டு. பாட்டியின் காலத்து வயலில் தெளிக்கப்படாத மருந்துகள் இன்றைய வயலில் தெளிக்கப்படுகின்றன. 1988, 1989ஆம் ஆண்டுகளில் குவைத்துக்குப் படையெடுத்து வந்த வெட்டுக்கிளிகளை மக்கள் பிடித்து உண்டபோது, அவற்றில் பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்திருந்தது ஆய்வில் தெரிய வந்தது. வெட்டுக்கிளியைக் கொல்லத் தெளித்த மருந்து வெட்டுக்கிளியோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பாட்டியின் ஈசலை நான் மறக்கவில்லை. ஆனால் இன்று அதே ஈசலைக் கொள்கலனில் அடைத்து அனுப்பினால், அந்தக் காகிதத்தில் நான் கையொப்பமிடமாட்டேன்.

இனி என் வீட்டில் நடந்த ஒன்று. ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பெண் விடுமுறைக்கு வந்தபோது பிள்ளைகளுக்கு மொறுமொறுப்பான பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவசரத்தில் விமான நிலையத்தில் வாங்கியது. படம் அழகாக இருந்தது. என் பேரனுக்கு இறால் ஆகாது. சிறு துண்டு பட்டாலே உதடு வீங்கும். அட்ரினலின் ஊசியைப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறான். அதனால் எங்கள் வீட்டில் பொட்டலத்தைப் படிக்காமல் பிரிப்பதில்லை. என் மகள் படித்தாள். மாவு, எண்ணெய், உப்பு என்று தொலைபேசி மொழிபெயர்த்துக் காட்டியது. நடுவில் "அசெட்டா டொமெஸ்டிகஸ்" என்று லத்தீனில் ஒரு பெயர். ஏதோ மூலிகை என்று நினைத்துவிட்டாள். எனக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்ததால் தப்பித்தோம்: அது வீட்டுச் சுவர்க்கோழியின் அறிவியல் பெயர். அதற்குக் கீழே, இறால், நண்டு, சிப்பி, தூசு உண்ணி ஆகியவற்றால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் ஜெர்மன் மொழியில் தெளிவாகவே இருந்தது. அந்நாட்டு விதியில் குறையில்லை, பொட்டலத்திலும் குறையில்லை. படிப்பவருக்குப் புரியாத எழுத்தில் இருந்தது என்பது மட்டும்தான் சிக்கல்.

இறாலும் சுவர்க்கோழியும் வேறு வேறு இடத்தில் வாழ்ந்தாலும் இரண்டும் கணுக்காலிகள் என்ற ஒரே உயிரினக் குழுவைச் சேர்ந்தவை. இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான ட்ரோபோமயோசின் என்ற புரதம் பூச்சிகளின் தசையிலும் உண்டு; சமைத்தாலும் வறுத்தாலும் அது எளிதில் அழியாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மாவுப்புழுவுக்கும் அதன் பிறகு வெட்டுக்கிளிக்கும் சுவர்க்கோழிக்கும் அனுமதி தந்தபோது, இந்த எச்சரிக்கை வரியைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூருக்கு இது பிற நாடுகளைவிட அதிகம் பொருந்தும். நம் பதின்ம வயதுப் பிள்ளைகளிடையே அதிகம் காணப்படும் உணவு ஒவ்வாமை இறால், நண்டு வகைகளால் வருவது. தூசு உண்ணியாலோ இங்கே அவதிப்படாத குடும்பம் அரிது. கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் இறால், நண்டு வகைகள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. பூச்சி கலந்த பொருளில் "பூச்சி உள்ளது" என்று எழுதினால் மட்டும் போதாது; "இறால் ஆகாதவர்கள் உண்ண வேண்டாம்" என்ற பொருளில் ஒரு வரி, பூச்சியின் பெயருக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். இறால் ஆகாதவருக்குச் சுவர்க்கோழியும் ஆகாமல் போகலாம் என்பது மருத்துவருக்குத் தெரியும்; உணவங்காடியில் வரிசையில் நிற்கும் தாய்க்குத் தெரியாது.

உணவங்காடி என்றதும் இன்னொன்று. பொட்டலத்துக்கு விதி இருக்கிறது. தட்டில் வரும் உணவுக்குப் பொட்டலம் ஏது? அனுமதி கிடைக்குமுன்பே முப்பது வகைப் பூச்சி உணவுகளைத் தயார் செய்து வைத்திருந்த கடலுணவகம் ஒன்றைப் பற்றிச் செய்திகளில் படித்தோம். அங்கே போகிறவர் தெரிந்தே போகிறார், அதனால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நூடல்ஸ் மாவிலோ, பொரித்த உணவின் மேல் தூவும் பொடியிலோ, ரொட்டியிலோ கலக்கப்படும் சுவர்க்கோழி மாவைப் பற்றித்தான் கவலை. முழு உருவில் இருக்கும் பூச்சி தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். பொடியான பூச்சி வாய் திறக்காது. ஆகவே, மாவாகவோ பொடியாகவோ பூச்சியைச் சேர்க்கும் எந்தக் கடையும், உணவுப் பட்டியலிலும் கடையின் முன்பலகையிலும் அதை எழுதிவைக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்கலாம்.

பெயரைப் பற்றி நம் மொழியிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கிரிக்கெட்' எனப்படும் பூச்சியைச் சிலர் சில்வண்டு என்கிறார்கள். அந்தப் பெயர் மரத்தில் இருந்து இரையும் வேறொரு பூச்சிக்கும் வழங்குகிறது. சுவர்க்கோழி என்பதே பொருத்தமான சொல். ஆனால் ஒரு பொட்டலத்தில் 'சுவர்க்கோழி மாவு' என்று அச்சடித்துவிட்டால், நம்மில் பாதிப் பேர் அதைக் கோழி வகை என்று நினைத்துக் குழம்பில் போட்டுவிடுவார்கள்! சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பட்டியலில் உள்ள 16 வகைகளுக்கும் தமிழ், மலாய், சீனப் பெயர்களைச் சிங்கப்பூர் உணவு அமைப்பே முடிவு செய்து, படத்தோடு வெளியிட்டால் நல்லது. எல்லாப் பொட்டலத்திலும் நான்கு மொழிகளிலும் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஆகும் செலவு எனக்கு நன்றாகத் தெரியும், ஒட்டுவில்லைக்காக இரவெல்லாம் கிடங்கில் உட்கார்ந்தவன் நான். ஒரு சிறிய பூச்சிப் படம் போதும். மொழி தெரியாத முதியவருக்கும், மொழிபெயர்க்க நேரமில்லாத தாய்க்கும் படம் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு இந்தப் படம் இன்னும் தேவை. பூச்சி நம் தட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்பதை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். மிட்டாயிலும் தயிர் வகைகளிலும் சிவப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கார்மைன், காக்டஸ் செடியில் வாழும் செதிற்பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுப்பது. அட்டையில் அது 120 என்ற எண்ணாக ஒளிந்துகொள்ளும். மிட்டாய்க்கும் பழத்துக்கும் பளபளப்பு ஏற்றும் ஷெல்லாக், நம் ஊர் அரக்கு, அரக்குப்பூச்சி சுரப்பது, எண் 904. இந்தியப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கே நிறைய. ஆனால் அந்நாட்டு விதியில் பால், தேன், தேன்மெழுகு, ஷெல்லாக் ஆகியவை அசைவக் கணக்கில் சேருவதில்லை. அது அவர்கள் எடுத்த முடிவு, அதைக் குறை சொல்லவில்லை. ஒரு பூச்சியின் உடலையே அரைத்துச் சேர்ப்பதை மட்டும் எண்ணுக்குப் பின்னால் மறைக்க இடம் கொடுக்கக்கூடாது. மாவுப்புழுப் பொடிக்கு ஒருநாள் அப்படியோர் எண் கிடைத்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

புரதக் கணக்கையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஓர் உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். பூச்சியின் தோலில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதம் அன்று. ஆகவே பூச்சிக்கு 6.25 என்பது மிகை. மாவுப்புழு போன்றவற்றுக்கு 4.76 என்ற எண்ணை ஆய்வாளர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். பழைய கணக்கில் 100 கிராமுக்கு 60 கிராம் புரதம் என்று வரும் பொடியில், புதிய கணக்கின்படி ஏறத்தாழ 46 கிராம்தான். உடற்பயிற்சி செய்யும் இளையர்களிடம் விற்கப்படும் பொருளில் இந்தப் பதினான்கு கிராம் பணம்தான். நைட்ரஜனை அளந்து புரதம் என்று நம்புவதால் என்ன ஆகும் என்பதை 2008இல், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்த சீனப் பால் பொருள்களில் பார்த்தோம். அப்போது சிங்கப்பூரும் அந்தப் பால் பொருள்களைத் தடை செய்தது. அங்கே நடந்தது திட்டமிட்ட கலப்படம், இங்கே இருப்பது கணக்கின் இயல்பான பிழை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஓட்டை ஒன்றுதான்.

இவ்வளவும் முன்வாசல். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தீவனம் என்ற கொல்லைப்புற வாசலைப் பற்றி.

சிங்கப்பூர் உணவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. இங்கேயே கணிசமாகக் கிடைப்பவற்றுள் முதன்மையானது முட்டை. நாம் உண்ணும் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று உள்ளூர்ப் பண்ணைகளில் இடப்படுகிறது. ஜோகூர் நீரிணையில் மிதக்கும் கூண்டுகளில் மீன் வளர்க்கிறோம். ஆனால் அந்தக் கோழியும் மீனும் தின்னும் சோயாவும் மீன்தூளும் கப்பலில்தான் வருகின்றன. முட்டை உள்ளூர், தீனி வெளியூர். இதில் மீன்தூளுக்கு இன்னொரு சிக்கல்: ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கைந்து கிலோ கடல் மீன் வேண்டும். மீனை வளர்க்க மீனையே அரைப்பது நெடுநாள் ஓடாது. இந்த இடத்தில்தான் பூச்சி உண்மையிலேயே பயன்படும் என்று நான் நினைக்கிறேன். உணவகத் தட்டில் அன்று.

இதற்கு உலகெங்கும் வளர்க்கப்படுவது 'பிளேக் சோல்ஜர்' எனப்படும் கறுப்பு ஈ. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. மனிதர் உண்பதற்கான நம் 16 வகைகளில் இது இல்லை, தீவனத்துக்குத்தான் பெயர் பெற்றது. வீட்டு ஈயைப் போல உணவின் மேல் உட்கார்ந்து அலைவதில்லை. வளர்ந்த ஈ ஏறத்தாழ எதையும் தின்னாமலே ஒரு வாரம்போல வாழ்ந்து முட்டையிட்டுச் செத்துவிடும். தின்பதெல்லாம் புழுப் பருவத்தில். இரண்டு மூன்று வாரத்தில் சோயாச் சக்கை, பியர் வடித்த தானியச் சக்கை, காய்கறிக் கழிவு என எது கிடைத்தாலும் தின்று, தன் எடையை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக்கொள்கிறது. உலர்த்தினால் ஐந்தில் இரண்டு பங்கு புரதம், மீதியில் கணிசமான பகுதி கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் உள்ள அதே லாரிக் அமிலம் அதில் மிகுதி. நம் ஆட்களுக்கு இந்த முறை அந்நியமும் அன்று. பட்டு நூல் நூற்ற பின் எஞ்சும் கூட்டுப்புழுவைக் கோழிக்கும் மீனுக்கும் போடும் வழக்கம் இந்தியாவின் பட்டு மாவட்டங்களில் நெடுங்காலமாக இருக்கிறது.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் 18 விழுக்காடுதான் மறுபயன்பாட்டுக்குப் போனது. 2024 ஜனவரி முதல் பெரிய ஹோட்டல்களும் கடைத்தொகுதிகளும் உணவுத் தொழிற்சாலைகளும் தங்கள் உணவுக் கழிவைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது சட்டம். செமாக்காவ் தீவின் குப்பை நிலமோ 2035 அளவில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இத்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவருக்கு, கழிவைப் புழுவுக்குப் போட்டு, புழுவைக் கோழிக்குப் போட்டு, முட்டையை நாம் உண்ணலாம் என்ற எண்ணம் தானாகவே வரும். எனக்கும் வந்தது. ஆனால் நம் விதிகளில் உள்ள ஒரு சிறிய சொற்றொடர், அதாவது பூச்சிக்குக் கொடுத்த தீனி கெட்டிருக்கக்கூடாது என்பது, இங்கேதான் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பியர்கள் இதில் காட்டும் கடுமையைப் பார்க்க வேண்டும். 2017 ஜூலை முதல் வளர்ப்பு மீனுக்கும், 2021 முதல் கோழிக்கும் பன்றிக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தார்கள். ஆனால் பூச்சியையும் அவர்கள் பண்ணை விலங்காகவே கணக்கில் எடுக்கிறார்கள். பண்ணை விலங்குக்குப் போடக்கூடாததைப் புழுவுக்கும் போடக்கூடாது. சாணம் கூடாது, சமையலறைக் கழிவு கூடாது. வீணாகும் உணவைப் புழுவுக்குப் போடக்கூடத் தடையா என்று முதலில் எனக்கும் வியப்பாக இருந்தது. காரணம் அவர்கள் பட்ட பாடு. மாட்டின் எச்சத்தை அரைத்து மாட்டுக்கே போட்டதால் பரவிய பித்துப் பிடித்த மாட்டு நோய் 1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து அது மனிதரையும் தாக்குகிறது என்று தெரிந்தது. 2001இல், சரியாகக் கொதிக்க வைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிப் பண்ணை ஒன்றில் தொடங்கியதாகக் கருதப்படும் கோமாரி நோய், அந்நாட்டில் 6 மில்லியனுக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அப்புறப்படுத்தும் அளவுக்குப் போனது. தீனித்தொட்டியில் என்ன விழுகிறது என்பதை அந்நாட்டார் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை என்றால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

புழு கிருமியை மட்டும் கடத்துவதில்லை. இந்தக் கறுப்பு ஈயின் புழு தான் தின்னும் தீனியில் உள்ள காட்மியத்தைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாவுப்புழுவுக்கு ஆர்செனிக்கை அப்படிச் சேர்க்கும் இயல்பு உண்டு. பூஞ்சை நச்சு வகைகள் பெரும்பாலும் தங்குவதில்லை என்பது ஆறுதல். ஆக, ஒரே புழு, ஒரே பண்ணை. தீனி மாறினால் பாதுகாப்பும் மாறும். குடலை நீக்காமல் முழுதாக அரைக்கும் உயிர் என்பதால், மனிதர் உண்ணும் பூச்சியை அறுவடைக்கு முன் 24 மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்றுகூட ஐரோப்பிய விதி சொல்கிறது. இறாலின் முதுகு நரம்பை உருவாமல் சமைக்காத நமக்கு இது புரியாத விஷயம் அன்று.

தீனிக்குப் பின்னால் சமயமும் வருகிறது. நம் உணவங்காடிகளின் கழிவுத்தொட்டியில் பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் ஒன்றாகத்தான் விழுகின்றன. அதில் வளர்ந்த புழுவைத் தின்ற கோழி ஹலாலா என்று என் முஸ்லிம் நண்பர் கேட்கிறார். வெட்டுக்கிளியை உண்ணலாம் என்பதில் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிடையே ஒத்த கருத்து உண்டு. பிற பூச்சிகளில் கருத்து வேறுபாடு உண்டு. அசுத்தத்தைத் தின்று வளர்ந்த விலங்கைப் பற்றி 'ஜல்லாலா' என்ற தனி விதியே அவர்களுக்கு இருக்கிறது. மாட்டிறைச்சி உண்ணாத இந்துவும் இதே கேள்வியைத் தன் வழியில் கேட்கலாம். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மார்க்க அறிஞர்களும் அவரவர் மனசாட்சியும், அரசாங்கம் அன்று. ஆனால் புழு எதில் வளர்ந்தது என்ற தகவல் இல்லாவிட்டால் அறிஞரும் பதில் சொல்ல முடியாது, மனசாட்சியும் பதில் சொல்ல முடியாது. அந்தத் தகவலைச் சேகரித்து வைக்கச் சொல்லும் அதிகாரம் அரசாங்கத்திடம் மட்டுமே உண்டு.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உணவுப் பாதுகாப்பு, மீள்திறன் சட்டம் 2028 வரை படிப்படியாக நடப்புக்கு வருகிறது. புதுவகை உணவையும் பூச்சி வகை உணவையும் விற்பனைக்கு முன் ஒப்புதல் பெற வேண்டிய உணவாக அது வகைப்படுத்துகிறது. துணை விதிகள் எழுதப்படும் காலம் இது; அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பூச்சித் தீவனம் விற்கும் ஒவ்வொருவரும், இறக்குமதியாளராயினும் உள்ளூர்ப் பண்ணையாளராயினும், பூச்சியின் இனம், அது வளர்ந்த தீனியின் வகை, அந்தத் தீனியின் மூலம், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் பதப்படுத்தப்பட்டது ஆகிய நான்கையும் தொகுதி எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். தூய்மையான ஒரே வகைச் சக்கையில் வளர்ந்த புழுவும் கலந்த சமையலறைக் கழிவில் வளர்ந்த புழுவும் ஒரே பெயரில் விற்கப்படக்கூடாது. இரண்டாவதை எரு செய்யவும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கிவிடலாம். காட்மியம் போன்ற உலோகங்களுக்கான சோதனை, தீனி மாறும்போதெல்லாம் புதிதாகச் செய்யப்பட வேண்டும்.

இவ்வளவு கேட்டால் சிறிய பண்ணைகள் தாங்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானது. பிரான்சின் இன்செக்ட் போன்று பெரும் முதலீடு பெற்ற பூச்சி நிறுவனமே 2024இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் லாபம் அவ்வளவு எளிதில் வருவதில்லை. நெருக்கடியில் இருக்கும் பண்ணைக்கு மலிவான தீனியின் மேல் கண் போகும். சோதனைச் செலவைக் காரணம் காட்டி விதியைத் தளர்த்துவதைவிட, தொடக்க ஆண்டுகளில் அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசாங்கமே ஏற்பது நல்லது.

முட்டைத் தட்டில் 'பூச்சித் தீவனம் தின்ற கோழி' என்று கட்டாயமாக அச்சடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாட்டுக்கோழி எந்தக் காலத்திலும் புழு பூச்சியைக் கிளறித் தின்றுதான் வளர்ந்தது. அதற்கு எவரும் அட்டை ஒட்டவில்லை. கேட்பவருக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தட்டில் உள்ள பண்ணை எண்ணைச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப்பக்கத்தில் இட்டால், அந்தப் பண்ணை பயன்படுத்தும் தீவனத்தில் பூச்சி உண்டா, உண்டென்றால் எந்தப் பூச்சி, அது எதைத் தின்றது என்ற மூன்று வரிகள் நான்கு மொழிகளிலும் வர வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பு இதைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறதா, இல்லையெனில் ஏன் என்பதைத் தங்கள் நாளிதழின் வழியாகத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
பிடோக் வாசகர் ஒருவர்